சுகர் இல்லை என்று சொன்ன ரிப்போர்ட்: யாருடைய ரத்தத்தை அளக்கிறோம்?



கூடலூர் பக்கம் எனக்கு ஓர் அக்கா இருக்கிறார். பழங்குடிக் குடியிருப்பில் வாழ்பவர். வன உரிமைச் சட்டப்படி பட்டா கேட்டு நடந்த கூட்டங்களில் பழக்கம். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். ஒருநாள் அவருடைய கால் பெருவிரலில் ஒரு புண் வந்தது. ஒரு மாதம் ஆகியும் ஆறவில்லை. "சுகர் இருக்கான்னு பாருங்கக்கா" என்று நான்தான் சொன்னேன்.

டவுனில் ஒரு தனியார் லேபில் ரத்தம் கொடுத்தார். அங்கே எடுத்தது எச்பிஏ1சி என்ற டெஸ்ட். நம் ஊரில் 'மூணு மாச சுகர் டெஸ்ட்' என்பார்களே, அதேதான். 5.2 என்று வந்தது. ரிப்போர்ட்டைப் பார்த்த மருத்துவர், "உங்களுக்கு சுகர் இல்லை. செருப்புப் போடாமல் நடப்பதால் வந்த புண்" என்று களிம்பு எழுதிக் கொடுத்தார். செருப்பில்லாத கால் என்றால் எல்லாருக்கும் ஒரு பதில் தயாராக இருக்கும்.

ஐந்து மாதம் கழித்து, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போகும் பெண் தன்னார்வலர் ஒருவர் அவர் விரலில் குத்திப் பார்த்தார். 278. அக்கா 5.2 ரிப்போர்ட்டைக் காட்டினார். தன்னார்வலருக்குத் தன் கருவி மீதே சந்தேகம் வந்துவிட்டது. மறுநாள் காலை வெறும் வயிற்றில் மறுபடியும் பார்த்தார். 191. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கைநரம்பில் ரத்தம் எடுத்துப் பார்த்தபோதும் வெறும் வயிற்றில் 184. இது நீரிழிவு என்பதில் இனி சந்தேகமில்லை. வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தாலே நீரிழிவு.

அங்கே இருந்த இளம் மருத்துவர்தான் ஒரு கேள்வி கேட்டார். "சின்ன வயசிலிருந்து கை கால் மூட்டு வலி இருக்கா?" அக்கா சிரித்துக்கொண்டே, "அது எப்பவும் இருக்கறதுதானே சார். எஸ்டேட்ல சூப்பர்வைசர் என்னைச் சோம்பேறின்னுதான் கூப்பிடுவாரு" என்றார். ரத்தத்தைப் பிரித்துப் பார்க்கும் சோதனை செய்தார்கள். அரிவாள் செல் நோய். ஐம்பது வருடமாக உடம்பில் இருந்தது, யாரும் கண்டுபிடிக்கவில்லை.

அதற்குள் விரல் போய்விட்டது.

அந்த லேபில் யாரும் திருட்டுத்தனம் செய்யவில்லை. கருவி பழுதாகவில்லை. ரிப்போர்ட் மாறிப்போகவில்லை. கருவி தனக்குத் தெரிந்ததைச் சரியாகத்தான் செய்தது. அந்த டெஸ்ட் எந்த மாதிரி ரத்தத்தை மனதில் வைத்து உருவானதோ, அந்த ரத்தம் அக்காவிடம் இல்லை. இதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. மருத்துவமனையில் நடக்கும் தீண்டாமையைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். ஒரு லேப் ரிப்போர்ட் யாரை உள்ளே வைக்கிறது, யாரை வெளியே தள்ளுகிறது என்பதைப் பேசியதில்லை.

டெஸ்ட் என்ன செய்கிறது?

நம் சிவப்பணுக்களுக்குள் ஹீமோகுளோபின் என்ற புரதம் இருக்கிறது. ஆக்சிஜனைச் சுமப்பது அதன் வேலை. ரத்தத்தில் ஓடும் சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக இந்தப் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும். சர்க்கரை அதிகமானால் ஒட்டுவதும் அதிகமாகும். ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழ்கிறது. ஆகவே மொத்த ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதத்தின் சராசரி தெரியும். 5.7-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 5.7 முதல் 6.4 வரை எச்சரிக்கை. 6.5-லிருந்து நீரிழிவு.

நல்ல டெஸ்ட்தான். பட்டினி கிடக்க வேண்டாம், எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம். நேற்று மட்டும் இனிப்பைத் தவிர்த்துவிட்டு இன்று மருத்துவரை ஏமாற்ற முடியாது. கோடிக்கணக்கானவர்களுக்கு இது சரியாக வேலை செய்கிறது. இதை எழுதுகிறேன் என்பதற்காக யாரும் டெஸ்ட்டையோ மாத்திரையையோ நிறுத்திவிட வேண்டாம்.

ஆனால் இந்த டெஸ்ட் இரண்டு விஷயங்களை எடுத்த எடுப்பிலேயே நம்பிக்கொள்கிறது. ஒன்று, உங்கள் ஹீமோகுளோபின் 'வழக்கமான' வகை, அதாவது ஹீமோகுளோபின் ஏ. இரண்டு, உங்கள் சிவப்பணு வழக்கமான ஆயுளை வாழ்கிறது. இந்த இரண்டில் எது தவறினாலும் எண் தவறும்.

எண்ணுவதில் பிழை, காலத்தில் பிழை

முதலில் எண்ணுவதில் வரும் பிழை. ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி 146 அமினோ அமிலங்கள் கோத்த மாலை. அதில் ஆறாவது மணி மட்டும் மாறினால் அது ஹீமோகுளோபின் எஸ், அதாவது அரிவாள் வகை. இருபத்தாறாவது மணி மாறினால் ஹீமோகுளோபின் இ. இந்தியாவில் இது வடகிழக்கிலும் வங்காளத்திலும் அதிகம். 121-வது மாறினால் பஞ்சாப் பகுதியில் காணப்படும் ஹீமோகுளோபின் டி. எச்பிஏ1சி டெஸ்ட் தேடும் சர்க்கரை ஒட்டுவது இந்த மாலையின் முதல் மணியில். சில கருவிகள் மின்னூட்டத்தை வைத்துப் புரதங்களைப் பிரித்து எண்ணும். சில கருவிகள் மாலையின் முதல் சில மணிகளை அடையாளம் கண்டு எண்ணும். பக்கத்து மணி மாறினால் கருவி குழம்பலாம். சில கருவிகள் குறைத்துச் சொல்லும், சில கூட்டிச் சொல்லும்.

இந்தப் பிழையைப் பெருமளவு சரிசெய்திருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பல புதிய கருவிகளில், பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் மாற்றத்தைப் பெற்றவருக்கு, அதாவது 'கடத்தி' நிலையில் இருப்பவருக்கு, எண் ஓரளவு சரியாகவே வருகிறது. போரோனேட் முறை என்று ஒன்று உண்டு. அது புரதத்தின் வகையைப் பெரிதாகப் பொருட்படுத்தாமல் சர்க்கரை ஒட்டியதை மட்டும் பிடிக்கும். உங்கள் ஊர் லேபில் எந்தக் கருவி இருக்கிறது என்பதுதான் கேள்வி. அது ரிப்போர்ட்டில் இருக்கிறதா? எடுத்துப் பாருங்கள். பல ரிப்போர்ட்டுகளில் இருக்காது.

இரண்டாவது, காலத்தில் வரும் பிழை. இதை எந்தக் கருவியாலும் சரிசெய்ய முடியாது. பெற்றோர் இருவரிடமிருந்தும் அரிவாள் மாற்றத்தைப் பெற்றவருக்கு சிவப்பணுக்கள் சீக்கிரமே உடைந்துவிடும். 120 நாள் வாழ வேண்டியது சில வாரங்களில் முடிந்துபோகும். சர்க்கரை ஒட்டுவதற்கு அவகாசமே இல்லை. மூன்று மாதக் கணக்கு கேட்கிறோம், ஆனால் கணக்கு எழுதும் புத்தகத்தையே மாதத்துக்கொரு முறை கிழித்துப் போட்டால் என்ன தெரியும்? அக்காவின் 5.2 அப்படி வந்ததுதான். இப்படிப்பட்டவர்களிடம் ஹீமோகுளோபின் ஏ இல்லாததால் சில கருவிகள் எண்ணே தராமல் நின்றுவிடும். அது எவ்வளவோ மேல். ஆபத்து, எண் தரும் கருவிகளில்தான்.

அரிவாள் செல் மட்டும்தான் காரணம் என்றும் இல்லை. ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு, அண்மையில் ரத்தம் ஏற்றிக்கொண்டது, அதிக ரத்தப்போக்கு, டயாலிசிஸ் என்று பலவும் எண்ணைத் தவறாகக் காட்டலாம்.

எதிர்த்திசையிலும் பிழை வரும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் எச்பிஏ1சி கூடுதலாகக் காட்டும். தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தலித், பழங்குடிப் பெண்களிடையே இது சராசரியைவிட அதிகம். ஆகவே நம் பெண்களில் ஒருத்திக்கு இல்லாத சுகரை இருப்பதாகச் சொல்லலாம், இன்னொருத்திக்கு இருக்கும் சுகரை இல்லை என்று சொல்லலாம். இரண்டு பேர் கையிலும் இருப்பது ஒரே மாதிரி அச்சிட்ட ரிப்போர்ட்.

தெரியாமல் நடந்ததா?

'இதெல்லாம் யாருக்குத் தெரியும்?' என்று கேட்கலாம். தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

இந்த டெஸ்ட் பிறந்த கதையே அதற்குச் சாட்சி. 1960-களின் கடைசியில் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்ற ஈரானிய விஞ்ஞானி மக்களின் ரத்தத்தில் மாறுபட்ட ஹீமோகுளோபின் வகைகளைத் தேடிக்கொண்டிருந்தார். அப்போது நீரிழிவு நோயாளிகளின் ரத்தத்தில் ஒரு வித்தியாசமான பட்டை இருப்பதைக் கண்டார். 1968-இல் அதை வெளியிட்டார். அதுதான் பின்னாளில் இந்த டெஸ்ட் ஆனது. மாறுபட்ட ரத்தத்தைத் தேடப் போன ஒருவரிடமிருந்து கிடைத்த டெஸ்ட், மாறுபட்ட ரத்தக்காரர்களை மறந்துவிட்டது.

எப்படி மறந்தது? இந்த எண்ணுக்கு உலக மதிப்பைக் கொடுத்தது 1993-இல் முடிவு வெளியான ஓர் ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 1,441 பேர். அவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். சர்க்கரையைக் கட்டுப்படுத்தினால் கண்ணும் சிறுநீரகமும் காப்பாற்றப்படும் என்று நிரூபித்த மாபெரும் ஆய்வு அது. அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்த அளவுகோலைத்தான் பிறகு எல்லா லேபுகளும் தரமாக எடுத்துக்கொண்டன. 2011-இல் உலக சுகாதார நிறுவனம் நீரிழிவைக் கண்டறிய எச்பிஏ1சி-ஐ ஏற்றபோது, அளவீட்டைக் கெடுக்கும் நிலைமைகள் இல்லாதபோதுதான் பயன்படுத்த வேண்டும் என்று நிபந்தனையோடுதான் ஏற்றது. நிபந்தனை ஆவணத்தில் இருக்கிறது. கூடலூர் லேபின் ரிப்போர்ட்டுக்கு வந்து சேரவில்லை.

2017-இல் அமெரிக்காவில் 4,620 கறுப்பின மக்களின் தரவுகளைப் பார்த்தார்கள். அரிவாள் செல் கடத்திகளின் எச்பிஏ1சி சராசரி 5.72. மற்றவர்களுக்கு 6.01. ரத்தத்தில் குளுக்கோஸ் அளவு ஒரே மாதிரி இருந்தும் இந்த வித்தியாசம். 0.3 தானே என்று தோன்றும். 6.6 இருக்க வேண்டியவருக்கு 6.3 காட்டினால், அவர் நீரிழிவு நோயாளி பட்டியலிலிருந்து விழுந்துவிடுகிறார். மருந்து இல்லை, கண் பரிசோதனை இல்லை, கால் பரிசோதனை இல்லை.

இங்கே? நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் இருப்பதை லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் 1952-இலேயே எழுதிவிட்டார்கள். இந்தியாவில் இதைப் பற்றிய மிக ஆரம்பப் பதிவுகளில் ஒன்று நம் நீலகிரியிலிருந்துதான் போயிருக்கிறது. எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகத் தெரிந்த ஒன்று, அந்த மலையடிவாரத்து லேபுக்குத் தெரியவில்லை என்றால் அதை அறியாமை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சாதி ரத்தத்தில் இல்லை

இங்கே ஒரு எச்சரிக்கை. 'பார்த்தீர்களா, அவர்கள் ரத்தமே வேறு' என்று சொல்ல ஒரு கூட்டம் காத்திருக்கிறது. அவர்களுக்கு இடம் கொடுக்கக் கூடாது.

அரிவாள் மாற்றம் ஏன் சில பகுதிகளில் அதிகம்? மலேரியா. ஒரு பிரதி மட்டும் உள்ளவர்களைக் கொடிய மலேரியாவிலிருந்து அது ஓரளவு காத்தது. அதனால் மலேரியா கொன்று குவித்த காடுகளிலும் சமவெளிகளிலும் அது நிலைத்தது. ஆப்பிரிக்காவில், மத்தியதரைக் கடலோரத்தில், அரேபியாவில், மத்திய இந்தியாவில், நீலகிரி வயநாட்டில். விதர்பாவில் கோண்டு மக்களிடமும் இருக்கிறது, மஹர் சமூகத்தாரிடமும் இருக்கிறது. கொசு சாதி பார்த்துக் கடிக்கவில்லை.

சாதி செய்தது வேறு. கல்யாணத்துக்கு வேலி போட்டது. அகமணம்தான் சாதியின் சாரம் என்று அண்ணல் அம்பேத்கர் 1916-லேயே எழுதினார். சாதிகள் வெவ்வேறு இனங்கள் என்ற வாதத்தையும் அவர் ஏற்கவில்லை. ஒரு மரபணு மாற்றம் ஒரு வேலிக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தால், இரண்டு பிரதிகள் ஒரே குழந்தையிடம் சேரும் வாய்ப்பு கூடும். பிறகு அந்தக் குழந்தையின் வலியை யாரும் சோதிக்காமல் 'சோம்பேறி' என்று பெயர் வைத்தால், அங்கே வேலை செய்வது மரபணு அல்ல.

அறிவு வந்தும் அது அவமானமாக மாறலாம் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. அமெரிக்க விமானப்படை அகாடமி, நோயே இல்லாத கடத்திகளையும் 1981 வரை சேர்க்காமல் வைத்திருந்தது. இன்று நம் நாட்டில் அரிவாள் செல் பரிசோதனைக்குப் பின் அட்டை கொடுக்கிறார்கள். அந்த அட்டை பெண் பார்க்க வந்தவர் கையிலும், வேலை கொடுப்பவர் கையிலும் போய்ச் சேராமல் பார்த்துக்கொள்வதும் நம் வேலை.

முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில்

2023 ஜூலை 1 அன்று ஒன்றிய அரசு தேசிய அரிவாள் செல் ரத்தசோகை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு உட்பட 17 மாநிலங்கள். 7 கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. வரவேற்க வேண்டிய திட்டம். ஆனால் சோதிப்பது 40 வயது வரை. இன்னொரு பக்கம், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளிட்ட தொற்றா நோய்களுக்கான பரிசோதனை 30 வயதுக்கு மேல். ஒரு திட்டம் 40-இல் முடிகிறது, ஒன்று 30-இல் தொடங்குகிறது. இரண்டும் சேர்ந்து ஒருவரைப் பார்ப்பது பத்தே வருடம். அக்கா மாதிரி ஐம்பது வயதுக்காரருக்கு சுகர் டெஸ்ட் உண்டு, அந்த டெஸ்ட்டை நம்பலாமா என்று சொல்லும் டெஸ்ட் கிடையாது. சுகர் அதிகமாக வருவதே நாற்பதுக்கு மேல்தானே?

இந்தியாவில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாக ஐசிஎம்ஆர் ஆய்வு 2023-இல் சொன்னது. இதில் யார் விட்டுப்போனார்கள் என்று கேட்க வேண்டியது நாம்.

என்ன கேட்க வேண்டும்?

1971-இல் அமெரிக்காவில் பிளாக் பாந்தர் கட்சி ஒரு காரியம் செய்தது. கறுப்பின மக்களின் அரிவாள் செல் நோயை அரசும் மருத்துவ உலகமும் புறக்கணிக்கின்றன என்று சொல்லி, தங்கள் இலவச மருத்துவ மையங்களில் தாங்களே சோதனை தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அங்கே அரசு அரிவாள் செல்லுக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. அதே 1972-இல் பம்பாயில் அவர்கள் பெயரைச் சூட்டிக்கொண்டு தலித் பாந்தர் பிறந்தது. பெயரை எடுத்துக்கொண்டோம், கவிதையை எடுத்துக்கொண்டோம். அந்த ரத்தப் பரிசோதனை முகாமை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டோம்.

இப்போது எடுத்துக்கொள்ளலாம். மருத்துவம், நர்சிங், லேப் டெக்னீஷியன் படிக்கும் தம்பி தங்கைகள் இதைப் படிக்கிறீர்கள் என்று தெரியும். உங்களுக்குத்தான் சொல்கிறேன்.

ஒன்று. எந்த முறையில் அளந்தது என்பதும், எந்த நிலைமைகளில் இந்த எண்ணை நம்பக் கூடாது என்பதும் எச்பிஏ1சி ரிப்போர்ட்டில் தமிழில் இருக்க வேண்டும். இரண்டு வரி போதும்.

இரண்டு. அரிவாள் செல் அதிகமுள்ள பகுதிகளில் நீரிழிவைக் கண்டறிய எச்பிஏ1சி-ஐ மட்டும் நம்பக் கூடாது. வெறும் வயிற்றில் ரத்த குளுக்கோஸ், தேவையானால் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பது. செலவும் குறைவு. குளுக்கோமீட்டரும் குறையற்றது அல்ல, கடும் ரத்தசோகையில் கூட்டிக் காட்டும். அதனால் கைநரம்பு ரத்தத்தில் உறுதி செய்ய வேண்டும்.

மூன்று. எச்பிஏ1சி ஒன்று சொல்லி, குளுக்கோஸ் வேறொன்று சொன்னால், 'கருவி தப்பு' என்று மூடிவைக்காமல் ஹீமோகுளோபின் வகையைச் சோதிக்க வேண்டும். அரிவாள் செல் நோய் உறுதியானவர்களின் சுகரைத் தொடர்ந்து கவனிக்க, இரண்டு மூன்று வாரச் சராசரியைக் காட்டும் ஃப்ரக்டோசமின் டெஸ்ட் மாவட்ட மருத்துவமனைகளிலாவது கிடைக்க வேண்டும்.

நான்கு. அரிவாள் செல் பரிசோதனையின் 40 வயது வரம்பை, சுகர் பரிசோதனைக்கு வருகிறவர்களுக்காவது எடுக்க வேண்டும். முடிவு அவரவர் ரகசியமாக இருக்க வேண்டும்.

இதில் எதுவும் புதிய கண்டுபிடிப்பு கேட்கவில்லை. இருக்கும் அறிவு மலை ஏற வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். மாத்திரை சாப்பிடுகிறார். சுகர் கட்டுக்குள் இருக்கிறது. காலில் ரப்பர் செருப்பு. பழைய 5.2 ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார். "எதுக்குக்கா இது?" என்று கேட்டேன்.

"என் மக வயசுக்கு வந்தவ தம்பி. நாளைக்கு அவளுக்கும் யாராவது இப்படி ஒரு பேப்பர் கொடுத்தா, இதைக் காட்டி எதிர்க்கேள்வி கேட்கணும்ல?"

கேட்போம்.

ஜெய் பீம்.